பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் போர்டைச் சொருகுவதற்கு முன்னால்

போன மாதம் கோட்டையூரிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி காரைக்குடியில் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். மஞ்சப்பையில் ஒரு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், இங்கிலாந்தின் சிங்க்ளேர் கம்பெனி செய்த பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். அவருடைய ஐயா எண்பதுகளில் லண்டனிலிருந்து கொண்டுவந்ததாம். இரண்டாங்கட்டில் டிரங்குப் பெட்டிக்குள் முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. தம்பி அதில் ஜாய்ஸ்டிக்கை இணைக்கும் இன்டர்ஃபேஸ் போர்டு ஒன்றை, துளை போட்ட வெரோபோர்டு அட்டையில் தானே கட்டியிருந்தார்.

"அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு. என் போர்டைச் சொருகினேன், திரையெல்லாம் கோடு கோடா வந்து நின்னுபோச்சு."

சால்டரிங் அவ்வளவு சுத்தம், மனம்விட்டுப் பாராட்டினேன். தப்பு கனெக்டரில் இருந்தது.

1982-ல் வந்த இந்த மெஷினின் பின்பக்கத்தில் கனெக்டரைச் சொருகும் பட்டை நேரே இசட்80 பிராசஸரின் கால்களுக்குப் போகிறது. நடுவில் பாதுகாப்புக்கு பஃபர் சிப் எதுவும் கிடையாது. பட்டையில் பக்கத்துக்கு 28 தொடர்பு இடம், ஐந்தாவது இடத்தில் ஒரு வெட்டு. ஒரு பக்கத்தில் மூன்றாவது இடம் 5 வோல்ட், அதை ஒட்டி நான்காவது 9 வோல்ட். கனெக்டர் அரை இடம் நகர்ந்தால் ஒரே முள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். 5 வோல்ட்டில் ஓட வேண்டிய சிப்களில் 9 வோல்ட் ஏறிவிடும். அப்படி நகரவிடாமல் பிடிக்கத்தான் அந்த வெட்டு.

தம்பி பழைய பிசி மதர்போர்டில் கார்டு சொருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டை அறுத்து மாட்டியிருந்தார். நல்ல யோசனைதான், முள்ளுக்கு முள் இடைவெளி அதே 2.54 மி.மீ. ஆனால் வெட்டில் உட்கார வேண்டிய கட்டையை வைக்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது.

"பவர் ஆன்ல இருக்கும்போதே சொருகுனீங்களா?"

பதில் இல்லை. தலை மட்டும் குனிந்தது.

இதை என் மேஜையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கீழ் 16கே நினைவகத்தில் இருக்கும் எட்டு 4116 சிப்களுக்கும் +5, +12, −5 என மூன்று வோல்ட்டேஜ் வேண்டும். கடைசி இரண்டையும் உண்டாக்குவது டிஆர்4 என்ற சின்ன டிரான்சிஸ்டரைச் சுற்றிய சர்க்யூட். கனெக்டர் ஆடி ஒரு கணம் ஷார்ட் ஆனால் டிஆர்4 போகும். −5 இல்லாமல் மற்றவை மட்டும் வந்தால் 4116-களும் வெந்துபோகும். இவருடையதில் டிஆர்4-ஓடு மூன்று சிப் காலி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சொல்லிவைத்து, சிப் கைக்கு வர இரண்டு வாரம் ஆனது.

அடாப்டரையும் பாருங்கள். ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் அடாப்டர் பிளக்கில் நடுப்பகுதி மைனஸ். இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைப்பதில் நடுப்பகுதி பிளஸ். பிளக் பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

போர்ட் எண்ணில், அதாவது பிராசஸர் வெளிச் சாதனத்தைக் கூப்பிடும் எண்ணில், ஒரு விஷயம்: இரட்டைப்படை எண் எதைக் கூப்பிட்டாலும் திரையையும் கீபோர்டையும் பார்த்துக்கொள்ளும் யுஎல்ஏ சிப் குறுக்கே வரும். அந்தக் காலத்தில் பிரபலமான கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸ் 31-ல் இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் போர்டும் ஒற்றைப்படையில் இருக்கட்டும். ஒவ்வொரு ஐசி பக்கத்திலும் ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) கப்பாசிட்டர் வையுங்கள். உள்ளே 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர் ஏற்கெனவே கொதிக்கிறது. கூடுதல் கரண்ட் வேண்டுமென்றால் 9 வோல்ட்டிலிருந்து உங்கள் போர்டிலேயே தனி ரெகுலேட்டர் வையுங்கள். அடாப்டர் தாங்குமா என்று முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி திரும்ப வந்த அன்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். ஸ்லாட்டின் ஐந்தாவது ஜோடி முள்ளை மூக்குப்பிடிக் குறடால் உருவி, அந்த இடத்தில் பிசிபி துண்டு ஒன்றை ராவி ஒட்டினோம். ஐசிகளைக் கழற்றிவிட்டு, பவர் இல்லாமல் சொருகினோம். ஆடவில்லை. பிறகு பவர் கொடுத்து, வெறும் சாக்கெட்டின் கால்களில் 5 வோல்ட் வருகிறதா என்று அளந்தோம்: 4.98. பவரை எடுத்துவிட்டு ஐசிகளைப் பொருத்தினோம். திரும்ப ஆன் செய்ததும் திரையின் அடியில் 1982, சிங்க்ளேர் ரிசர்ச் என்ற வரி வந்து நின்றது. தம்பி வீட்டுக்குப் போன் போட்டு, "ஆச்சி, ஐயா பெட்டி ஓடுது" என்றார்.