முதியோர் இல்லத்தில் சேர்வதென்றால்: சட்டம் தருவதும் கேட்டறிய வேண்டியதும்

கிழக்கிலங்கையில், களுவாஞ்சிகுடியிலோ திருக்கோவிலிலோ ஒரு வயோதிபர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார் என்றால் ஊர் முதலில் கேட்பது, “ஏன், பிள்ளையள் இல்லையா?” என்பதைத்தான். சட்டமும் ஏறக்குறைய அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. 60 வயதானவர்களை முதியோராகக் கொள்ளும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இரண்டு விடயங்களை அடுத்தடுத்துச் சொல்கிறது. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக்கூடாது. அவர்களைப் பராமரிப்பதும் தேவைகளைப் பார்ப்பதும் பிள்ளைகளின் கடமை. பிள்ளைகள் இல்லாத அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்குத் தங்குமிடம் கொடுப்பது அரசின் பொறுப்பு.

ஆக, அரச இல்லத்தில் இடம் கேட்பது யாரிடமும் கையேந்துவதாகாது. தாயை இல்லத்தில் விட்டதோடு மகனுக்கோ மகளுக்கோ கடமை தீர்ந்துவிடுவதும் இல்லை.

முதலில் போகவேண்டிய இடம் உங்கள் பிரதேச செயலகம். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு. அம்பாறையில் ஆலையடிவேம்பு, காரைதீவு, நாவிதன்வெளி என்று அவரவர் பிரிவுக்குப் போகலாம். அங்கே சமூகசேவை உத்தியோகத்தரையோ முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ கேளுங்கள். அடையாள அட்டை, ஜீ.எஸ். (கிராம சேவகர்) தரும் கடிதம், கிளினிக் கொப்பி மூன்றையும் கையோடு கொண்டுபோனால் ஒரு அலைச்சல் மிச்சம். சமூகசேவை மாகாண சபைக்குரிய விடயம் என்பதால் அரச முதியோர் இல்லங்களை மாகாண சமூகசேவைத் திணைக்களம்தான் பார்க்கிறது. 60 வயதானதும் எடுக்கக்கூடிய முதியோர் அடையாள அட்டை இன்னும் இல்லையென்றால் அதே மேசையில் அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

சமய நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் இல்லங்கள் வேறு, காசு வாங்கி நடத்தும் இல்லங்கள் வேறு. எதுவானாலும் ஐந்து பேருக்கு மேல் தங்கவைத்துப் பராமரித்தால் இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்டதற்கே முகம் சுளிக்கிற இடத்தில் ஆளை விடாமல் இருப்பது உத்தமம்.

அடுத்ததாகக் கேட்கவேண்டியது, படுக்கையில் விழுந்தால் யார் பார்ப்பது என்பது. எழுந்து நடந்து தன் வேலையைத் தானே செய்கிறவரை மட்டும் எடுக்கிற இல்லங்கள் பல. சேரும்போது நடந்து போனவர் இரண்டு வருடத்தில் நடக்காமல் போகலாம். அப்போது வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்களா, வைத்திருப்பார்களா? இதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்க வேண்டும். முற்பணம் கேட்டால், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது, மரக்கறிச் சாப்பாடு உண்டா, தன் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போய்வர முடியுமா என்பவை சின்னக் கேள்விகள்தான். ஆனால் அங்கே நாள் கழிக்கப்போகிறவருக்கு அவை சின்னவை அல்ல.

இனி வீட்டு விடயம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். கடைசி மகளின் கல்யாணத்தோடு தாய் தகப்பனுக்குச் சொந்தக் கூரை இல்லாமல் போய்விடுகிறது. மகள் நன்றாகப் பார்த்தால் கதை வேறு. பார்க்காவிட்டால் இல்லம்தான். நன்கொடை உறுதி எழுதும்போதே, உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் சீவிய உரித்தைத் தங்களுக்கு வைத்து எழுதும்படி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு விட்டுவிடுகிற ஒரு வரி அது. என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் அதை மறக்கக்கூடாது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று, பிள்ளை கைவிட்டும்விட்டது என்றால்? மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடை உறுதியையும், நன்கொடையைப் பெற்றவர் மிகக் கடுமையாக நன்றி மறந்து நடந்தால் இரத்துச் செய்யக் கேட்கலாம். அது 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம். நொத்தாரிசிடம் போய் இன்னொரு உறுதி எழுதி அதை இரத்துச் செய்ய முடியாது, நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆறப்போடவும் வேண்டாம்.

வீட்டைக் கேட்காமல் சாப்பாட்டுச் செலவை மட்டும் பிள்ளையிடம் கேட்கவும் வழியுண்டு. தன்னைத் தானே பராமரிக்க முடியாத முதியவர், முதியோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்தால், பிள்ளைகள் மாதாமாதம் இவ்வளவு கொடுக்கவேண்டும் என்று சபை கட்டளையிடலாம். பிள்ளையின் வருமானமும் பார்க்கப்படும். சொந்தப் பிள்ளைக்கு எதிராகக் கையெழுத்து வைக்க இங்கே பலருக்கு மனம் வராது, அது விளங்குகிறது. ஆனாலும் பிரதேச செயலக உத்தியோகத்தர் கூப்பிட்டு, இப்படியொரு சபை இருக்கிறது என்று சொன்னதும் வழிக்கு வருகிற பிள்ளைகளும் உண்டு.

வருமானம் குறைந்த குடும்பங்களில் 70 வயது கடந்தவர்களுக்கான மாத உதவித்தொகை 2025 ஏப்ரலில் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இல்லத்துக்கு மாறுமுன், இந்தக் காசை இனி எப்படி எடுப்பது என்று பிரதேச செயலகத்தில் கேட்டுவிடுங்கள். பென்சன்காரர் என்றால் முகவரி மாறியதையும் அறிவிக்கவேண்டும். வங்கிப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் யார் கையில் இருக்கப்போகிறது என்பதை முதியவரே தீர்மானிக்கட்டும். இல்லத்து நிர்வாகி கேட்டார் என்பதற்காகத் தூக்கிக் கொடுக்கவேண்டியதில்லை.