ஆட்டோ ரேஞ்ச்: ‘கட்டுப்பாடு’ இல்லை, ‘தெரிவு’

மின்னழுத்தம் முதலியவற்றை அளக்கும் மல்டிமீட்டர் கேட்டால் கடைக்காரர், “மேனுவலா, ஆட்டோ ரேஞ்சா?” என்பார். மேனுவல் என்றால் 200 மில்லிவோல்ட், 2 வோல்ட், 20 வோல்ட் என்று குமிழை நாமே திருப்ப வேண்டும். ஆட்டோவில் மீட்டரே பார்த்துக்கொள்ளும். உள்ளே சிக்னலின் பெருக்கத்தை மாற்றி மாற்றி அது பார்த்துக்கொள்ளும் விதத்துக்குத்தான் ஆட்டோ கெயின் ரேஞ்சிங் என்று பெயர்.

அதற்கு என்ன தேவை வந்தது? மீட்டருக்குள் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சில்லு ஏடிசி. 10 பிட் ஏடிசி ஒன்று 5 வோல்ட்டை 1024 படிகளாக வெட்டுகிறது. ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். 50 மில்லிவோல்ட் டிசியை அப்படியே கொடுத்தால் பத்தே படிதான் தேறும். ஒரு படி பிசகினால் 10 சதவீதம் போச்சு. அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்த கதை. அதையே 64 மடங்கு பெருக்கினால் 3.2 வோல்ட், 655 படி. அப்புறம் மீட்டருக்குள் இருக்கும் குட்டிக் கணினியான மைக்ரோகன்ட்ரோலர் 64ஆல் வகுத்து உண்மையான மதிப்பைக் காட்டிவிடும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஆட்டோ’ கிரேக்கம், ‘தான்’ என்று பொருள். ‘கெயின்’, ‘ரேஞ்ச்’ இரண்டும் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. முன்னது ஈட்டுதல், பின்னது வரிசை. மலைத்தொடரையும் ரேஞ்ச் என்பது அதனால்தான்.

கெயினுக்கு ‘ஈட்டம்’ சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் வட்டிக்கடை வாசம் அடிக்கிறது. ‘பெருக்கம்’ போதும். ரேஞ்சுக்கு ‘வீச்சு’ வேண்டாம். இயற்பியலில் அலையின் உயரத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தாகிவிட்டது. பாடநூல்களில் உள்ள ‘நெடுக்கம்’ நல்ல சொல்.

சிலர் இதைத் ‘தானியங்கு பெருக்கக் கட்டுப்பாடு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது ரேடியோவில் இருப்பது. அங்கே பெருக்கம் வழுக்கிக்கொண்டே மாறும். ஒலி சீராக வந்தால் சரி, மூல அளவு யாருக்கு வேண்டும்? இங்கே பெருக்கம் 1, 8, 64 என்று தெரிந்த படிகளில் மட்டுமே தாவும். எதைத் தேர்ந்தோம் என்று தெரிந்தால்தான் திரும்ப வகுக்க முடியும். ஆகவே ‘தானியங்கு பெருக்கத் தெரிவு’ என்பேன். கடையில் கேட்கும் ஆட்டோ ரேஞ்சுக்குத் ‘தானியங்கு நெடுக்கத் தெரிவு’.

இன்னொரு சொல்லும் இதனோடு வருகிறது. அளவு 1.99, 2.01 வோல்ட் என்று 2 வோல்ட் நெடுக்கத்தின் எல்லையில் ஊசலாடினால் மீட்டர் ஓயாமல் மேலும் கீழும் தாவும். அதனால் 20 வோல்ட்டுக்கு ஏறிய மீட்டர், 2 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் இறங்காமல், 1.8 வரை பொறுத்திருக்கும்படி வைப்பார்கள். ஹிஸ்டெரிசிஸ் என்பது இதுதான். காந்தவியல் பாடத்தில் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: தயக்கம்.