செத்தது மரம்தான், வண்டு அல்ல

தென் கலிபோர்னியாவில் பட்டுப்போன ஓக் மரத்தை வெட்ட எங்களை அழைப்பவர்களில் பலர், வேலை முடியும் நேரத்தில், "நல்ல விறகாயிற்றே, மலை வீட்டுக்கு எடுத்துப்போகிறோம்" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். சென்ற வாரமும் அதுவே நடந்ததால் இதை எழுத வேண்டியதாயிற்று.

அரிசோனாவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த தங்கப்புள்ளி ஓக் துளைப்பான் வண்டு, சான் டியேகோ மாவட்டத்தில் 2004-இல் முதன்முதலாகப் பிடிபட்டது; அங்கே ஓக் மரங்கள் கொத்துக் கொத்தாகப் பட்டுப்போவதற்கு அதுவே காரணம் என்பது 2008-இல்தான் தெரியவந்தது. பிறகு 2012-இல் இடில்வைல்டு மலையூரிலும், 2015-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்துக் கிரீன் வேலியிலும் அது தென்பட்டது. ஒரு சென்டிமீட்டர் நீள வண்டு அவ்வளவு தூரம் தானாகப் பறந்து போகவில்லை, விறகோடு போயிற்று.

மரம் செத்தால் பூச்சியும் செத்துவிடும் என்று நினைப்பதுதான் எல்லாக் கேட்டுக்கும் மூலம். இந்த வண்டின் முழுதாக வளர்ந்த புழு, வெளிப்பட்டைக்குள் கொண்டை ஊசிபோல உடலை மடக்கிக்கொண்டு கிடக்கிறது. அதற்கு இனி இரை வேண்டாம், ஆகவே மரம் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் அறுத்தாலும், பிளந்தாலும், அழகாக அடுக்கி வைத்தாலும், மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை அதிலிருந்து வண்டுகள் வெளியே வந்துகொண்டிருக்கும். அடுக்கின் மேல் மருந்து தெளித்துப் பயனில்லை. அது பட்டைக்குள் இருப்பவற்றை எட்டாது.

பருத்த அடிமரத்தில் ஆங்கில 'டி' எழுத்துபோல ஒரு பக்கம் தட்டையாக, சுமார் 3 மில்லிமீட்டர் அகல ஓட்டைகள் இருந்தாலோ, மரங்கொத்தி மேல்பட்டையைச் செதுக்கி உள்ளே செந்நிறம் தெரிந்தாலோ உடனே ஆளை அழையுங்கள். (மரங்கொத்தியை விரட்டாதீர்கள், அது புழுவைத் தின்ன வந்திருக்கிறது.) இலை காய்கிறதே என்று கோடை முழுவதும் மரத்தடியில் தண்ணீர் விடுவதையும் நிறுத்துங்கள், அந்த மரத்துக்கு வேரழுகலையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். அதிகம் தாக்கப்படாத மரமானால், வண்டு பறக்கத் தொடங்குமுன் உரிமம் பெற்றவரைக் கொண்டு அடிமரத்தில் மருந்தடிக்கலாம்.

வெட்டிய மரத்தை 3 அங்குலத்துக்கும் சிறிய சில்லுகளாக அரைத்துவிடுங்கள். விறகாகவே வேண்டுமென்றால், பட்டையை உரித்தோ, தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஓரங்களை மண்ணில் புதைத்தோ, வெட்டிய இடத்திலேயே இரண்டு ஆண்டுகள் வையுங்கள். முகாமுக்குப் போகிறவர்கள், தயவுசெய்து, எரிக்கப்போகும் ஊரிலேயே விறகு வாங்கிக்கொள்ளுங்கள்.