கடுங்குளிரில் ஒரு வால்வு

2021 ஆகஸ்ட் 12 அன்று காலை 5.43 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட் கிளம்பியது. முதல் இரண்டு கட்டங்களும் ஒழுங்காக எரிந்து முடிந்தன. கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்கும் மூன்றாவதான கிரையோஜெனிக் கட்டம் கைவிட்டது. இஓஎஸ்-03 செயற்கைக்கோளை இழந்தோம். ஆராய்ந்த குழு கண்டது, திரவ ஹைட்ரஜன் தொட்டியின் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வில் இருந்த கசிவை. அதனால் தொட்டியில் அழுத்தம் குறைந்தது, எரிபொருளைத் தள்ளிவிடும் பம்பு சரியாக ஓடவில்லை. வால்வுக்குள் கசிவை அடைக்கும் மென்மையான சீல் ஒன்று சேதமாகியிருந்தது. வால்வு திறந்து மூடியபோது அது நடந்திருக்கலாம். இல்லையென்றால் உள்ளே புகுந்த மாசும், கடுங்குளிரில் வால்வைப் பொருத்திய இடத்தில் உண்டான இறுக்கமும் காரணமாக இருக்கலாம் என்றது குழு.

வீட்டுக் குழாயில் வாஷர் தேய்ந்தால் தண்ணீர் சொட்டும், புதிது வாங்கி மாட்டிவிடலாம். அதே வேலையைத் திரவ ஹைட்ரஜனின் மைனஸ் 253 டிகிரியில் செய்யும் சீல் எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினால், வால்வு என்ற பொருள் மீதே மரியாதை வந்துவிடுகிறது.

திரவ இயற்கை எரிவாயு மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் இருக்கும். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183, திரவ நைட்ரஜன் மைனஸ் 196. இந்தக் குளிரில் சாதாரண கார்பன் ஸ்டீல் கண்ணாடி மாதிரி உடையும். குளிரக் குளிர அதன் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது கடினமாகிவிடுகிறது. வளைந்து கொடுக்க வழியில்லாததால் அடி விழுந்தால் விரிசல்தான். போதிய நிக்கல் சேர்ந்த 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வழுக்கல் குளிரிலும் நடக்கும். அதனால்தான் இத்தகைய குளிர்த்திரவங்களுக்கான வால்வுகளின் உடல் பெரும்பாலும் அந்த ஸ்டீலில் இருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 304 போன்ற ஸ்டீலில் ஒரு சிறு பகுதி குளிரில் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு லேசாக வீங்கும். சமமாகத் தேய்த்து வைத்த சீட், அதாவது மூடும் பாகம் வந்து உட்காரும் இடம், அதில் கோணிவிடலாம். ஆகவே கடைசிக் கடைசலுக்கு முன்பே பாகங்களைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்துவிடுவார்கள். மாறுவது முன்கூட்டியே மாறிவிடட்டும் என்றுதான்.

அடுத்தது சுருக்கம். அறை வெப்பத்திலிருந்து திரவ நைட்ரஜன் குளிருக்குப் போகும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சுருங்கும். டெஃப்லான் அதைப்போல ஆறேழு மடங்கு சுருங்கும், கூடவே விறைத்தும் போகும். ஸ்டீலுக்குள் டெஃப்லான் வளையத்தைச் சும்மா வைத்தால் இடைவெளி விழுந்துவிடும். உலோகச் சுருளால் உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் சீல்களும், உலோகத்தோடு உலோகம் உட்காரும் சீட்டுகளும் இதற்காக வந்தவை.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த வால்வுகளின் நீண்ட கழுத்து. சாதாரண வால்வில் கைச்சக்கரத்துக்குக் கீழேயே, உடலின் மேல்மூடியான போனட் முடிந்துவிடும். இதில் வால்வைத் திறந்து மூடும் தண்டான ஸ்பிண்டிலும் போனட்டும் நீளமாக மேலே எழுந்து நிற்கும். ஸ்பிண்டிலைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் அந்த உச்சியில் இருக்கிறது. கழுத்துக்குள் ஏறும் கொஞ்சம் திரவம், வெளிச்சூட்டில் ஆவியாகி அங்கேயே தங்கிவிடும். ஆவி வெப்பத்தை அவ்வளவாகக் கடத்தாது. அந்த ஆவித் தூண்தான் குளிருக்கும் பேக்கிங்குக்கும் நடுவே நின்று காக்கிறது. வேறு எந்தக் கருவியும் தேவையில்லை.

இதனால்தான் வால்வை நேராக, அல்லது 45 டிகிரிக்குள் சாய்த்துப் பொருத்தச் சொல்கிறார்கள். படுக்கவைத்தால் திரவம் கழுத்து முழுக்க ஓடி, பேக்கிங் உறைந்து, ஸ்பிண்டில் சிக்கிக்கொள்ளும். குழாய்க்குக் காப்பு சுற்றும்போதும் பேக்கிங் இருக்கும் உச்சியை மூடிவிடக் கூடாது. அது வெளிக்காற்றில் இருந்தால்தான் சூடாக இருக்கும்.

துளையிட்ட பந்தைத் திருப்பித் திறந்து மூடும் பந்து வால்வில் வேறொரு ஆபத்து. மூடும்போது பந்தின் துளைக்குள் கொஞ்சம் திரவம் மாட்டிக்கொள்ளும். மெல்லச் சூடேறி அது ஆவியாகும். திரவ இயற்கை எரிவாயு வாயுவானால் சுமார் 600 மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் அழுத்தம் ஏறி வால்வே பிளந்துவிடும். இதற்குத் தீர்வாக, வால்வு மூடியிருக்கும்போது திரவம் வரும் பக்கத்தைப் பார்க்கும்படி பந்தில் ஒரு சிறு துளை போடுகிறார்கள். அழுத்தம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அப்புறம் அந்த வால்வுக்கு ஒரே திசைதான். உடலில் அம்புக்குறி இருக்கும். திருப்பி மாட்டினால் மூடிய வால்வு அந்தத் துளை வழியாகவே கசியும். இரண்டு மூடிய வால்வுகளுக்கு நடுவில் குழாயில் மாட்டும் திரவத்துக்கும் இதே கதிதான். அங்கே தனியாக, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ஒரு ரிலீஃப் வால்வு கட்டாயம் வேண்டும்.

பராமரிப்பில் முதல் எதிரி ஈரம். குழாயில் மிஞ்சிய ஈரம் சீட்டில் பனிக்கட்டியாக உறைந்து, வால்வை முழுதாக மூடவிடாது. அதனால் குளிர்த்திரவத்தை விடுமுன் உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்தி உள்ளே காயவைப்பார்கள். பிறகு மெதுமெதுவாகக் குளிர்விப்பார்கள். திடீரென்று ஊற்றினால் மெல்லிய பாகம் முதலில் சுருங்கும், தடித்த பாகம் பின்தங்கும், போல்ட்டுகள் தளரும். உறைந்துபோன சக்கரத்தில் கம்பியை மாட்டி நெம்பினால் சீட் கெட்டுவிடும். தீயைக் காட்டவே கூடாது. வெதுவெதுப்பான உலர்ந்த நைட்ரஜனும் பொறுமையும் போதும். திரவ ஆக்சிஜன் வால்வென்றால் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளிகூட இருக்கக் கூடாது, ஏனென்றால் அது தீப்பிடிக்கும்.

கசியும் வால்வைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் அது சூடாகி, பாகங்கள் பழைய அளவுக்கு வந்து, சோதனையில் ஒரு குமிழிகூட விடாமல் இருக்கலாம். குளிரில் மட்டும் தெரியும் குறை அது. ஆகவே வால்வைத் திரவ நைட்ரஜன் தொட்டியில் மூழ்கவைத்து, உள்ளே ஹீலியத்தைச் செலுத்திக் கசிவை அளக்கிறார்கள். மைனஸ் 196 டிகிரியிலும் ஹீலியம் வாயுவாகவே இருக்கும், மிக நுண்ணிய இடுக்கிலும் நுழைந்து வெளியே வந்துவிடும்.