டைனோசர்களை யார் அழித்தது?

"டைனோசர்களின் இன அழிப்பு நடந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன." போன வாரம் ஒரு காணொளியில் பின்னணிக் குரல் இப்படிச் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள் என் பக்கம் திரும்பி, "யார் மாமா அழிச்சது?" என்று கேட்டாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அவள் கேள்வியில் பிழையே இல்லை. அழிப்பு என்றால் அழித்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று அவள் பேசும் தமிழே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இந்த 'இன அழிப்பை' நான் கேட்பது இது முதல்முறை இல்லை. மொழிபெயர்த்து வரும் அறிவியல் கட்டுரைகளிலும் குரல் மாற்றிய ஆவணப்படங்களிலும் இது ஊறிப்போய்விட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூலச்சொல்லைப் பார்த்துவிடுவோம். 'இன அழிப்பு' என்று மொழிபெயர்க்கப்படும் ஆங்கிலத்தின் 'எக்ஸ்டிங்ஷன்' இலத்தீனிலிருந்து வந்தது. விளக்கை, நெருப்பை அணைப்பது என்பது அதன் அடிப்பொருள். தீயணைப்பான் கருவியின் ஆங்கிலப் பெயரும் இதே வேரிலிருந்துதான். ஓர் உயிரினம் பூமியில் ஒன்றுகூட மிஞ்சாமல் போகும் என்பதை எலும்புகளை வைத்து உறுதியாக வாதிட்டவர் பிரான்சின் உயிரியலாளர் ஜார்ஜ் கூவியே. மாமூத்தின் எலும்பு இன்றுள்ள எந்த யானைக்கும் உரியதல்ல என்று அவர் பாரிசில் அறிவித்தது 1796இல். 'டைனோசர்' என்ற பெயரை ரிச்சர்டு ஓவன் வைத்ததே அதற்குப் பிறகு, 1842இல். வரலாறு இவ்வளவு போதும். வழக்கு தமிழில்தான் இருக்கிறது.

பிரிவு, பிரிப்பு. முறிவு, முறிப்பு. அழிவு, அழிப்பு. முதலாவது தன்வினையிலிருந்து வருவது, தானாக நேர்வது. இரண்டாவது பிறவினையிலிருந்து வருவது, ஒருவர் செய்வது. ஓரிரு எழுத்தில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தமிழ் காட்டுகிறது. அதைக் காதில் வாங்காமல் மொழிபெயர்க்க வந்தால், அன்று பூமியில் வந்து மோதிய சிறுகோளுக்குக் கொலைநோக்கம் வந்துவிடுகிறது. இதைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. இனவழிப்பு என்பது ஒரு மக்கள் கூட்டத்தைத் திட்டமிட்டுக் கொல்லும் குற்றத்தின் பெயர். ஈழத்தமிழர்கள் தம் இறந்தவர்களை நினைந்து, நீதி கேட்டுச் சொல்லும் சொல் அது. அதை எடுத்து டைனோசருக்குப் போடுவது அந்தச் சொல்லின் கனத்தைக் குறைக்கிறது. இதைச் செய்பவர்கள் வேண்டுமென்றே செய்வதில்லை என்று தெரியும். ஆனாலும் செய்யக் கூடாது.

சரி, 'அழிவு' என்று திருத்திவிட்டால் போதுமா? பாடநூல்களும் நாளிதழ்களும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கின்றன. 'பேரழிவு' என்றும் எழுதுகிறார்கள். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் பொருள் கலங்குகிறது. மழையில் பயிர் அழிந்தது என்கிறோம். அடுத்த பட்டத்துக்கு விதைக்கிறோம். புயலில் ஊர் அழிந்தது என்கிறோம், மறுபடி கட்டுகிறோம். அழிந்தது திரும்ப வரலாம், அதன் வகையில் வேறொன்று வேறிடத்தில் நன்றாக இருக்கலாம். டைனோசர்களுக்கு நேர்ந்தது அதுவல்ல.

திரும்பி வரும் அழிவும் திரும்பாத முடிவும் வேறு வேறு என்பதைப் பாறையே காட்டுகிறது. இத்தாலியின் குப்பியோ என்ற ஊரருகே சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே, டைனோசர்கள் முடிந்த காலத்தைச் சேர்ந்த மெல்லிய களிமண் படலம் ஒன்று உண்டு. பூமியின் மேலோட்டில் மிக அரிதான, ஆனால் விண்கற்களில் மிகுந்த இரிடியம் என்ற உலோகம் அதில் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டு, விண்ணிலிருந்து வந்து மோதிய சிறுகோள்தான் காரணம் என்று லூயி ஆல்வரெசும் அவர் மகன் வால்ட்டரும் உடன் உழைத்த இரு வேதியியலாரும் 1980இல் எழுதினார்கள். மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் புதைந்து கிடக்கும் சிக்சுலூப் பள்ளம், ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலம் கொண்டது, அந்த மோதலின் வடு. இந்தியாவின் தக்காண எரிமலைக் குழம்புக்கும் இதில் பங்கு உண்டா, எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

வட அமெரிக்காவில் இதே படலத்துக்கு நேர் மேலே பார்த்தால், மற்றச் செடிகளின் மகரந்தம் குறைந்து பெரணியின் வித்துகளாகவே குவிந்திருக்கின்றன. காடு கருகியிருக்கிறது, வெற்று நிலத்தில் முதலில் முளைப்பது பெரணி. அதற்கும் மேலே போனால் மரங்கள் திரும்புகின்றன. ஆக, காடு அழிந்தது. ஆனால் அதிலிருந்த மரவகைகளில் பல பிழைத்தன. கடலில் அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டு உயிரிகளோ திரும்பவே இல்லை. காட்டுக்கும் அம்மோனைட்டுக்கும் ஒரே 'அழிவு' என்ற சொல்லைப் போட்டால் இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வது?

அதற்குத் தமிழில் புதிதாக ஒன்றும் படைக்க வேண்டாம். 'அற்றுப்போதல்' இருக்கிறது. அறு என்பது வேர். கயிறு அறுவது போல் தொடர்ச்சி நின்றுபோவது. "அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல்" என்று மூதுரை சொல்வதில் நீர் வற்றி இல்லாமலே போன நிலையைக் கேட்கலாம். பூண்டற்றுப் போக, வம்சமற்றுப் போக என்று கிராமத்தில் மண்ணை வாரித் தூற்றுகிறவர்கள் சாபமிடுவதும் இதே வினையில்தான். ஒருவன் சாகட்டும் என்பதல்ல அந்தச் சாபம். அவன் வழியில் யாருமே இருக்கக் கூடாது என்பது. உயிரியல் கேட்கும் பொருள் துல்லியமாக இதுதான். 'அருகிவரும் உயிரினங்கள்' என்று முன்பே நல்ல வழக்கு ஒன்று நம்மிடம் நிலைத்திருக்கிறது. அருகியது ஒருநாள் அற்றுப்போகிறது.

'அற்றுப்போதல்' நீளமாக இருக்கிறது, கலைச்சொல்லுக்குச் சரிவராது என்கிறார்கள். இந்த நீளக் கவலை பெயர்ச்சொல்லையே தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு வருவது. ஆங்கிலத்தில் பெயராக இருப்பதைத் தமிழிலும் பெயராகவே வைக்க வேண்டும் என்று எந்த இலக்கணமும் கட்டளையிடவில்லை. 'டைனோசர்களின் இனப் பேரழிவு நிகழ்வு ஏற்பட்டது' என்பதைவிட 'டைனோசர்கள் அற்றுப்போயின' என்பது எத்தனை சுருக்கம்! வினையைக் கண்டு அஞ்சுகிற மொழிபெயர்ப்புதான் ஏற்பட்டது, நிகழ்ந்தது, மேற்கொள்ளப்பட்டது என்று வாக்கியத்தை இழுத்துக்கொண்டே போகிறது.

'இனமறைவு' என்ற இன்னொரு சொல்லும் உலவுகிறது. மென்மையான சொல்தான். ஆனால் மறைந்தது வெளியே வரலாம். சீலகாந்த் மீன் டைனோசர்களோடு போய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு வலையில் சிக்கியது. பாறைகளில் அது மறைந்திருந்தது, அற்றுப்போகவில்லை. நமக்குக் கிடைக்கும் கடைசி எலும்பு அந்த இனத்தின் கடைசி உயிருடையது அல்ல என்பதைத் தொல்லுயிரியலாளர்கள் சிக்னரும் லிப்சும் 1982இல் விளக்கினார்கள். பல இனங்கள் மோதலுக்கு முன்பே படிப்படியாகத் தேய்ந்ததுபோல் பாறையில் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். மறைவையும் அறுதலையும் ஒன்றாக்கினால் அந்த வாதத்தைத் தமிழில் நடத்தவே முடியாது.

சொல் துல்லியமாக இருந்தால் இன்னொரு பிழையும் கண்ணில் படும். பறவைகள் டைனோசர் வழியில் வந்தவை. எனவே 'பறவைகள் தவிர மற்ற டைனோசர்கள் அற்றுப்போயின' என்பதே சரி. 'தொல்லுயிர் எச்சம்' என்பதை 'புதைபடிவம்' என்பதைவிட நான் விரும்புவதும் இதனால்தான். எச்சம் என்றால் மிஞ்சியது. பிள்ளைகள் என்றும் பொருள் உண்டு. அரியலூரை ஒட்டிய கல்லமேட்டுப் பாறையில் கிடைத்த டைனோசர் எலும்பு முதல் வகை எச்சம். முற்றத்தில் மேயும் கோழி இரண்டாம் வகை.

கடைசியாக ஒரு மீன். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் டானிஸ் என்னும் இடத்தில், மோதல் நடந்த அன்றே மண்ணில் புதைந்த மீன்கள் கிடைத்திருக்கின்றன. 2019இல் இது வெளிவந்தது. செவுள்களில் மோதலில் உருகித் தெறித்த கண்ணாடி உருண்டைகள் சிக்கியிருந்தன. துடுப்புப்போல் நீண்ட மூக்குள்ள மீன்கள் அவற்றில் உண்டு. அங்கே அவை கூட்டமாக அழிந்தன, ஆனால் அந்தக் குடும்பம் அற்றுப்போகவில்லை. ஒரு கிளை மிசிசிப்பியில் இன்றும் நீந்துகிறது. மற்றொன்று சீனத்தின் யாங்சி ஆற்றில் இருந்தது. அணை கட்டி வழியை மறித்து, அளவில்லாமல் பிடித்தும் தீர்த்தார்கள். அது அற்றுப்போய்விட்டதாக 2022இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. அந்த மீனைப் பற்றி எழுதும்போது யார் அழித்தது என்று அக்கா மகள் கேட்டால், பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.