அத்தை வீட்டு எல்இடி பல்பு ஏன் போனது?

பொங்கலுக்குக் கடலூர் முதுநகர் போயிருந்தபோது அத்தை ஒரு 9 வாட் எல்இடி பல்பைக் கொண்டுவந்து நீட்டினார். “நீ இதைத்தானே ஆராய்ச்சி பண்றேன்னு சொல்வ? அட்டையில 25,000 மணி நேரம்னு போட்டிருக்கு. ஒரு வருஷம்கூட வரல.”

மேல்மூடியைக் கழற்றினேன். (நீங்கள் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம், உள்ளே கரண்ட் தங்கியிருக்கலாம்.) அலுமினியத் தட்டில் பன்னிரண்டு மஞ்சள் சதுரங்கள், ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். ஒன்றின் நடுவில் மட்டும் பேனா முனையால் வைத்தது போல ஒரு கரும்புள்ளி. கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்திருக்கிறார்கள். ஒன்று போனால் மொத்தமும் அணைந்துவிடும்.

அந்த மஞ்சள் பூச்சுக்கு அடியில் இருக்கும் சிப் தருவது நீல ஒளி. நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலத்துக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம், நீல ஒளி தரும் காலியம் நைட்ரைடு என்ற படிகம். அதை நீலக்கல் தட்டின் மேல்தான் வளர்க்க முடிந்தது; இரண்டின் அணு இடைவெளியும் பொருந்தவில்லை, படலம் வெடித்துப் போனது. நடுவே மெல்லிய அலுமினியம் நைட்ரைடு அடுக்கு ஒன்றை வைத்து 1986-இல் வழி திறந்தவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகாசாகியும் அமானோவும். பளிச்சென்று எரியவைத்தவர் இன்னொரு ஜப்பானியரான நகமுரா. மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு.

என் வேலை அந்தப் படிகத்தில் அணு வரிசை தவறி விழும் பிசகுகளைக் குறைப்பது. ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்துக் கோடிப் பிசகுகள் இருந்தாலும் அது ஒளிர்கிறது. சிப் செய்ய உதவும் வேறு குறைக்கடத்தியாக (செமிகண்டக்டர்) இருந்தால் இருண்டுபோயிருக்கும். இருபது வருடமாகியும் இந்த வியப்பு எனக்குத் தீரவில்லை.

அவ்வளவு தாங்கும் பொருள் எதற்குத் தோற்கிறது? சூட்டுக்கு. பழைய குண்டு பல்பு சூட்டிலேதான் எரியும். அந்தச் சூட்டைக் கதிராக வெளியே வீசிவிடும். எல்இடியில் சூடு உடம்பு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். 9 வாட்டில் பாதிக்கு மேல் இன்னமும் சூடாகத்தான் போகிறது. அத்தையோ பல்பைத் திண்ணையில் மூடிய கண்ணாடி டூமுக்குள் மாட்டியிருந்தார். உள்ளே காற்றோட்டமே இல்லை, செத்த ஈசல் நிறைய. சிப்போடு சேர்ந்து, அதற்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் டிரைவர் என்ற சுற்றிலுள்ள கெப்பாசிட்டரும் வதங்கும்; 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதி. விலையைக் குறைக்கச் சிப் எண்ணிக்கையைக் குறைத்து, இருப்பதில் அதிகக் கரண்ட் பாய்ச்சும் பல்புகளும் விற்பனையில் உண்டு. அவை இன்னும் சீக்கிரம் போகும்.

நெய்வேலி நிலக்கரியை வெட்டி எரித்து வரும் மின்சாரத்தின் அருமை நம் மாவட்டத்துக்குத் தெரியும். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்டில் தருகிற பொருளை வருடா வருடம் குப்பையில் போடுவது எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். வெளிச்சத்தின் அளவான லூமன் எவ்வளவு என்று பாருங்கள். 9 வாட்டுக்கு 900 பக்கத்தில் இருந்தால் நல்லது. ஐஎஸ் 16102 என்ற இந்தியத் தர எண்ணும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். முக்கியமாக, பில்லை எடுத்து வையுங்கள். பல பல்புகளுக்குக் கேரண்டி உண்டு; யாரும் கேட்பதில்லை.

அத்தையிடம் பில் இருந்தது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். டூமைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டோம். புது பல்பு இப்போது வெறும் ஹோல்டரில் எரிகிறது.