ஓனரிடம் நேரடியாக வாங்கிய பழைய கார் பழுதானால் என்ன உரிமை உண்டு?

புரோக்கர் இல்லை, ஷோரூம் இல்லை. ஆர்சியில் பெயர் உள்ளவரிடமே பேசி முடித்து, நான்கு லட்சம் கொடுத்து காரை எடுத்து வருகிறீர்கள். பத்தாம் நாள் வண்டி வெள்ளைப் புகை தள்ளுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, இன்ஜினை ஏற்கெனவே ஒருமுறை பிரித்திருக்கிறார்கள் என்கிறார். விற்றவரைக் கேட்டால், "ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க" என்று போனை வைத்துவிடுகிறார்.

அவர் சொல்வது சட்டப்படி ஓரளவு சரி. எந்த அளவு வரை சரி, எந்த இடத்தில் தவறு என்று தெரிந்துகொள்ளாமல் கிளம்புகிறவர்கள்தான் நுகர்வோர் ஆணையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் மாறி மாறி நடக்கிறார்கள்.

முதலில் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரமாகப் பொருள் விற்பவர்களுக்கு எதிரானது. சொந்தமாக ஓட்டிய காரை ஒருமுறை விற்கும் வங்கி ஊழியரோ ஆசிரியரோ அந்தச் சட்டத்தின் கண்ணில் வணிகர் அல்ல. அவர் மீது அங்கே மனு போட்டால் நிற்காது, காலமும் போய்விடும்.

ஆனால் எதிரில் இருப்பவர் உண்மையிலேயே தனி ஆள்தானா என்று பாருங்கள். ஆர்சியில் வேறு பெயர் இருக்கிறது, முந்தைய ஓனர் கையெழுத்திட்ட படிவம் 29, 30 (பெயர் மாற்றப் படிவங்கள்) தேதி போடாமல் தயாராக இருக்கிறது, அதே போன் எண்ணில் இன்னும் நான்கு கார் விளம்பரம் ஓடுகிறது என்றால், "என் சொந்த வண்டி" என்று சொன்னாலும் அவர் வியாபாரிதான். பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சான்று வாங்காமல் தொழில் செய்கிறார் என்பது உங்கள் வழக்குக்குப் பலம்தான். அப்படிப்பட்டவர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே விசாரிப்பார்கள். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை; 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனு போடும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து பார்ப்பதும் நல்லது. சில வியாபாரிகள் அந்த நிலையிலேயே இறங்கி வருகிறார்கள்.

இனி உண்மையான தனிநபர் விற்பனைக்கு வருவோம். இங்கே பேசுவது இரண்டு பழைய சட்டங்கள்: 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்.

பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுதான் விற்றவருக்குத் துணை. பொருளின் தரம் பற்றியோ அது வேலைக்கு உதவுமா என்பது பற்றியோ தானாகவே எழும் உத்தரவாதம் கிடையாது என்கிறது அது. அதற்கு உண்டான முக்கியமான விதிவிலக்குகள் அந்தப் பொருளைத் தொழிலாக விற்பவருக்குத்தான் பொருந்தும். ஆகவே, நீங்கள் ஒன்றும் கேட்காமல், அவர் ஒன்றும் சொல்லாமல் கைமாறிய காரில் மூன்றாம் வாரம் கிளட்ச் போனால், செலவு உங்களுடையதுதான். அதில் மனத்தாங்கல் இருக்கலாம், வழக்கு இல்லை.

ஆனால் அதே சட்டத்தின் 14, 15ஆம் பிரிவுகள் தனி ஆளையும் கட்டும். 14ஆம் பிரிவின்படி, விற்கும் உரிமை தனக்கு இருக்கிறது, வண்டி மீது உங்களுக்குத் தெரியாத கடன் பாத்தியதை இல்லை என்று விற்பவர் பொறுப்பேற்கிறார். நிதி நிறுவனத்தின் ஹைப்பாதிக்கேஷன் (கடனுக்காக ஆர்சியில் பதியும் அடமானம்) இருந்ததை மறைத்து விற்று, பின்னால் தவணை பாக்கிக்காக வண்டியைத் தூக்கிப் போனால் இந்தப் பிரிவு உதவும். திருட்டு வண்டி என்றால் காரை உரியவரிடம் விட்டுத்தான் ஆக வேண்டும். பணத்தை விற்றவரிடம் கேட்கலாம். 15ஆம் பிரிவு, விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது. "2019 மாடல், டீசல், டாப் எண்ட், சிங்கிள் ஓனர்" என்று விளம்பரம் போட்டு விற்றது 2017 தயாரிப்பாகவோ மூன்றாவது கை வண்டியாகவோ இருந்தால், விற்றவர் வியாபாரியா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை.

அடுத்தது ஒப்பந்தச் சட்டம். பொய் சொல்லி விற்றால் 17, 18, 19ஆம் பிரிவுகள் வரும். தெரிந்தே சொன்ன பொய் மோசடி. உண்மை என்று நம்பிச் சொன்னது தவறாக இருந்தால் தவறான கூற்று. இரண்டிலுமே ஒப்பந்தத்தை ரத்து செய்யும் வழி உங்களுக்கு உண்டு. சொன்னால்தான் பொய் என்றும் இல்லை. பழுதை முனைந்து மறைப்பதும் மோசடிதான்: மீட்டரைக் குறைத்து வைப்பது, இன்ஜின் சத்தத்தை அடக்கக் கெட்டியான ஆயில் ஊற்றி வைப்பது, செக் இன்ஜின் விளக்கு எரியாமல் பல்பைக் கழற்றி விடுவது எல்லாம் இதில் சேரும்.

சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும் பொதுவாக மோசடி ஆகாது. இதற்கு 17ஆம் பிரிவிலேயே ஒரு குதிரை உதாரணம் இருக்கிறது. குதிரைக்கு நோய் என்று தெரிந்தும் ஏலத்தில் ஒன்றும் சொல்லாமல் விற்றால் அது மோசடி இல்லை. ஆனால் வாங்குபவர், "நீங்கள் மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொன்ன பிறகும் விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் குதிரைக்கு எழுதியது. இன்று பழைய கார் வாங்குகிறவர் கையில் இருக்கும் மிகச் சிறந்த ஆயுதம் இதுதான். செலவு ஒரு வாட்ஸ்அப் செய்தி.

முன்பணம்கூடக் கொடுக்கும் முன், விற்பவருக்கு இப்படி எழுதி அனுப்புங்கள்: "சார், நாம பேசின வண்டி 2018 மாடல், நீங்க ரெண்டாவது ஓனர், 62,000 கிலோமீட்டர் ஓடினது, மீட்டர் மாத்தல, பெரிய ஆக்சிடென்ட் இல்ல, வெள்ளத்துல நிக்கல, இன்ஜின் கியர்பாக்ஸ் பிரிக்கல, லோன் இல்லன்னு சொன்னீங்க. இதுல எது தப்புன்னாலும் இப்பவே சொல்லிடுங்க. நீங்க மறுக்கலைன்னா இதெல்லாம் சரின்னு நம்பித்தான் நாளைக்குப் பணம் கட்டுறேன்." நீல டிக் விழுந்து, பதில் வராமல், மறுநாள் அவர் பணத்தை வாங்கிக்கொண்டாலும் உங்கள் கையில் வழக்கு இருக்கிறது. நேர்மையான ஓனர் இதற்குக் கோபப்படுவதில்லை. "ஒரு தடவை முன் பம்பர் மாத்தினேன்" என்று தானாகவே சொல்வார். நழுவுகிறார் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

பேச்சோடு விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வண்டி விற்றதும் விளம்பரம் காணாமல் போய்விடும். செய்திகள் தானாக அழியும் அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் போனையும் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும். பணம் முழுவதையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். பாதி ரொக்கம் என்றால், பின்னால் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதிலிருந்தே சண்டை ஆரம்பமாகும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 19ஆம் பிரிவின் விதிவிலக்குப்படி, தவறான கூற்றாலோ மௌனத்தாலோ ஏமாந்தவர், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. அப்பட்டமான பொய்க்கும் முனைந்து மறைத்ததற்கும் இந்த விலக்கு பொருந்தாது. ஆனாலும் எது பொய், எது தவறு என்ற வாதத்தில் மாட்டாமல் இருக்க, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவதே பாதுகாப்பு. மத்திய அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் வரிசை, ஹைப்பாதிக்கேஷன், இன்சூரன்ஸ் முடியும் தேதி ஆகியவற்றையும், கட்டாத இ-சலான்களையும் பாருங்கள். சேசிஸ் எண்ணை ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எழுத்துகள் கோணலாகவோ சுற்றிலும் உரசிய தடமோ இருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

மீட்டர் சந்தேகத்தைத் தீர்க்க அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் பதிவுதான் நம்பகமானது. ஓனர் கேட்டால்தான் பல இடங்களில் தருவார்கள். ஆகவே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மீட்டர் 45,000 காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் மழுங்கியிருந்தால் கணக்கு இடிக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். துவைத்தாலும் உள்ளே சுருண்ட பகுதியில் சேற்றுக் கோடு தங்கும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள், கார்ப்பெட்டுக்குக் கீழ் ஓடும் ஒயர் கனெக்டர்கள் ஆகியவற்றில் துருவைத் தேடுங்கள். 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எண்ணற்றவை. சென்னைப் பதிவு வண்டி என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் அவசியம். நீங்கள் போய்ச் சேரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

டெலிவரி நோட்டில் "உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன், பின்னர் விற்றவர் பொறுப்பல்ல" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். சாதாரணத் தேய்மானத்துக்கு அது உங்களைக் கட்டும். பொய்யையும் மறைத்த பழுதையும் அந்த வரி காப்பாற்றாது. கையெழுத்துப் போடும் முன், ஓனர் சொன்ன கிலோமீட்டரையும் விபத்து இல்லை என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

பழுது தெரிந்த நாளிலிருந்து நீங்கள் நடந்துகொள்ளும் விதமே உங்கள் உரிமையின் அளவைத் தீர்மானிக்கும். காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க நினைத்தால், அதை ஓட்டுவதை நிறுத்துங்கள். தெரிந்த பிறகும் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலோ புது சீட் கவர் போட்டாலோ, வண்டியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஆகும். அதன்பின் நஷ்டஈடு மட்டும்தான் கேட்க முடியும். பெயர் மாற்றத்துக்கு அதன் பிறகு விண்ணப்பித்தாலும் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். ஆனால் வண்டியை வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்பதுதான் திட்டம் என்றால், வண்டி வாங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் 14 நாளுக்குள் எழுதுங்கள்; மூன்றாம் நபர் காப்பு தானாக மாறும், உங்கள் காரின் சொந்தச் சேதத்துக்கான காப்பு அப்படி மாறாது.

உடனே ரிப்பேர் செய்யக் கொடுத்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கழற்றிய பாகம் குப்பைக்குப் போனால் ஆதாரமும் போய்விடும். முதலில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் காட்டி, பழுது என்ன, எவ்வளவு காலமாக இருந்திருக்கும், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். அன்றே விற்றவருக்குப் படத்தோடு செய்தி அனுப்பி, அவரும் மெக்கானிக்கை அழைத்து வந்து பார்க்க ஒரு வாரம் கொடுங்கள். அதன் பிறகு வக்கீல் நோட்டீஸ், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில். பழுதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்றால் பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்? சொன்னபடி இருந்திருந்தால் அந்தக் காரின் மதிப்பு என்ன, இருக்கிற நிலையில் மதிப்பு என்ன, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அடிப்படை. 48,000 கிலோமீட்டர் என்று சொல்லி 4,20,000 ரூபாய்க்கு விற்ற கார் உண்மையில் 1,12,000 ஓடியது, அப்படிப்பட்ட வண்டி சந்தையில் 3,10,000 தான் போகும் என்றால், கேட்பது 1,10,000. மன உளைச்சல் என்று ஐந்து லட்சம் சேர்ப்பதால் வழக்கு வலுவாவதில்லை, கோர்ட் கட்டணம்தான் ஏறும்.

சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம். மோசடி என்றால் அது தெரிய வந்த நாளிலிருந்து கணக்கு. ஒரு லட்சம் சுற்றிய தொகைக்கு நேராகக் கோர்ட்டுக்குப் போகும் முன், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேச முயலுங்கள். கட்டணம் இல்லை. இருவரும் ஒத்துக்கொண்டால் வரும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. எதிர்த்தரப்பு வராவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது என்பது மட்டும் குறை.

காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்று சொல்வது பெரும்பாலான பழுது விஷயங்களில் தவறும் இல்லை. ஏமாற்றும் எண்ணம் விற்கும்போதே இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு (ஏமாற்றுதல்) வரும். அதில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. மீட்டர் மாற்றியதற்கு சர்வீஸ் பதிவு, திருத்திய சேசிஸ் எண், போலி என்ஓசி (தடையில்லாச் சான்று), ஒரே காரை இருவருக்கு விற்றது ஆகியவற்றில் ஒன்று கையில் இருந்தால் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதன் பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். போலீஸ் புகார் கொடுத்ததால் சிவில் வழக்கின் மூன்று ஆண்டுக் கணக்கு நிற்காது. அது தனியாக ஓடிக்கொண்டே இருக்கும்.